'சென்ட்' பெட்டி சாட்சி ஆகுமா?

"மெயில் அனுப்பியாயிற்று" என்று ஒருவர் சொல்ல, "எனக்கு வரவே இல்லை" என்று மற்றவர் மறுக்கும்போது, முதலில் மேசைக்கு வருவது 'சென்ட்' பெட்டியின் அச்சுப்படி. தேதி, நேரம், பெறுநர் முகவரி எல்லாம் அதில் இருப்பதால் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. வேலைநீக்கம், டெண்டர், வாடகை ஒப்பந்தம் என்று பிழைப்பைத் தொடும் காரியங்கள்கூட அந்தத் தாளை நம்பி முடிவாகின்றன. மின்னஞ்சல் சான்றாகத் தகுதியற்றது என்று நான் வாதிடவில்லை. வலுவான சான்று அதனுள்ளேயே இருக்கிறது. நாம்தான் அதன் மிக மெலிந்த பகுதியை எடுத்துக் காட்டிப் பழகியிருக்கிறோம்.

மின்னஞ்சலை இன்றும் சுமந்து செல்லும் எஸ்எம்டிபி நெறிமுறையை 1982இல் ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்டார். முன்பின் அறியாத சர்வரும் இன்னொரு சர்வரிடம் கடிதத்தை ஒப்படைக்கலாம் என்ற திறந்த ஏற்பாடு அது. எந்த ஒரு நிறுவனத்தின் பிடியிலும் சிக்காமல் மின்னஞ்சல் உலகெங்கும் பரவியது அதனால்தான். குறையும் அங்கேதான் பிறந்தது. உறையின் மேல் அனுப்புநராக யார் பெயரை எழுதினாலும் தபால்பெட்டி மறுக்காது; அந்த நெறிமுறையும் மறுக்கவில்லை. இதை அடைக்கப் பின்னாளில் மூன்று காவல்கள் வந்தன. ஒரு டொமைனின் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்பதை எஸ்பிஎஃப் அறிவிக்கிறது. டிகேஐஎம் கடிதத்துக்கு டிஜிட்டல் முத்திரை இடுகிறது. இவை அனுப்புநர் முகவரியோடு பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பதை டிமார்க் சொல்கிறது. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் பெருமளவில் மெயில் அனுப்புவோருக்கு இம்மூன்றையும் கட்டாயமாக்கின. பிறர் டொமைனை அப்படியே போட்டு ஏமாற்றுவது இதனால் கடினமாகியிருக்கிறது. ஆனால் முத்திரை டொமைனுக்குத்தான் சாட்சி. தட்டச்சு செய்த ஆளுக்கு அல்ல. கடவுச்சொல் திருடப்பட்ட கணக்கிலிருந்தோ, ஓரெழுத்து மாறிய டொமைனிலிருந்தோ புறப்படும் மெயில் மூன்று சோதனைகளிலும் தேறிவிடும்.

போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. பெறுநரின் சர்வர் '250' என்று பதிலளித்தால், கடிதத்தைச் சேர்க்கவோ, முடியாவிட்டால் தெரிவிக்கவோ அது பொறுப்பேற்றுக்கொண்டது என்று பொருள். தற்காலிகத் தடை என்றால் அனுப்பும் சர்வர் பொதுவாக நாலைந்து நாள் முயன்று பார்த்து, பிறகு தோல்விக் கடிதத்தைத் திருப்பி அனுப்பும். ஏற்கப்பட்ட மெயிலும் ஸ்பேமில் புதையலாம். சில இடங்களில் வடிகட்டி அதைச் சத்தமில்லாமல் அழித்தும் விடும். 'சென்ட்' பெட்டிக்கு இதில் எதுவும் தெரியாது. அங்கிருப்பது அனுப்பியவர் தமக்கென வைத்துக்கொண்ட நகல். சர்வரிலுள்ள அஞ்சல் பெட்டிகளைக் கையாளும் ஐமேப் நெறிமுறை வழியாக, அனுப்பாத கடிதத்தைக்கூடப் பழைய தேதியிட்டு அங்கே வைத்துவிடலாம். அச்சுப்படியைத் திருத்துவதோ இன்னும் எளிது.

சட்டமே மின்னஞ்சலை ஏற்கும்போது நாம் ஏன் தயங்க வேண்டும் என்று கேட்கலாம். சட்டம் ஏற்கிறது, ஆனால் அளந்து ஏற்கிறது. இந்தியாவின் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, அனுப்புவதையும் பெறுவதையும் தனித்தனி நிகழ்வுகளாக வைக்கிறது. அனுப்புநரின் கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ள கணினியில் நுழையும்போது முன்னது, பெறுநரின் கணினி அமைப்பில் நுழையும்போது பின்னது. 2023ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 90ஆம் பிரிவின்படி, வந்து சேர்ந்த செய்தியும் அனுப்பப்பட்ட செய்தியும் ஒன்றே என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். அனுப்பியது யார் என்று மட்டும் அனுமானிக்கக் கூடாது. முத்திரையால் சொல்ல முடியாததைச் சட்டமும் அனுமானிக்க மறுக்கிறது.

இவ்வளவு பார்த்தால் யார் வேண்டுமானாலும் "வரவில்லை" என்று தப்பித்துக்கொள்வார்களே என்பது நியாயமான அச்சம். ஆனால் அந்த மறுப்பையும் இதே அளவுகோலால் சோதிக்கலாம். முழுத் தலைப்புவரிகளோடு கூடிய மூலக் கோப்பும் இரு பக்க சர்வர் பதிவேடுகளும் கிடைத்தால், பொய்யான "அனுப்பினேன்" போலவே பொய்யான "வரவில்லை"யும் பெரும்பாலும் அம்பலமாகும். பதிவேடுகள் நெடுநாள் இருப்பதில்லை. தகராறு எழுந்தவுடனே கேட்டுப் பாதுகாக்க வேண்டும். பதிவுத் தபாலுக்கு ஒப்புகை அட்டை வைத்த நாம், ஒருவரின் வேலையைப் பறிக்கும் மெயிலுக்கு ஒப்புகை கேட்காமல் விடுவது அநீதி. ஒப்புகை வராவிட்டால் வேறு வழியிலும் தெரிவிப்பது அனுப்பியவரின் கடமை. பறிபோவது இன்னொருவரின் சோறு என்றால், அனுப்பியவர் வீட்டு நகலை மட்டும் சாட்சிக் கூண்டில் ஏற்றக் கூடாது.