பதிவேட்டில் ஒரு வரி: பிரிட்டானியக் கொடிவழியை ரசிப்பது எப்படி

அரசர்களின் வம்சாவளி பல நாடுகளில் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. கூலியாள், நெசவாளர், வீட்டுப் பணிப்பெண் ஆகியோரின் பெயர்களும் ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளாக ஏட்டில் ஏறியிருப்பதே பிரிட்டானியக் குடும்ப வரலாற்றின் தனிச்சிறப்பு. எட்டாம் ஹென்றியின் அமைச்சரான தாமஸ் குரோம்வெல் 1538இல் பிறப்பித்த ஆணையின்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒரு தேவாலயத்தின் பொறுப்பில் அமைந்த ஊர்வட்டத்திலும், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் போதகர் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டியதாயிற்று.

இந்த ஏடுகளைப் படிப்பவருக்கு முதலில் வேண்டியது நிதானம். பழைய ஏட்டில் ஞானஸ்நானப் பதிவு என்பது பெரும்பாலும் ஒரு தேதி, குழந்தையின் பெயர், தந்தையின் பெயர் என்ற அளவில் முடிந்துவிடும். ஆனால் தேடிய வரியை மட்டும் பொறுக்கியெடுத்துக்கொண்டு போய்விடாமல் பக்கம் முழுவதையும் படிப்பவர், அடக்கங்கள் சில வாரங்களுக்குள் நெருங்கி வருவதைக் கண்டு ஊருக்குள் நோய் புகுந்த காலத்தை உணர்வார். 1754 மார்ச் 25இல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டம், மணமக்களும் சாட்சிகளும் பதிவேட்டில் கையொப்பமிடுவதைக் கட்டாயமாக்கியது. எழுதத் தெரியாதவர்கள் பெருக்கல் குறி போன்ற ஒரு கீறலை இட்டார்கள். மணமகன் கீறலும் மணமகள் தெளிவான கையொப்பமும் இட்ட ஒரு பதிவைக் காணும்போது, அந்த வீட்டிற்கு வந்த கடிதங்களைப் படித்துச் சொன்னவர் யாராக இருந்திருப்பார் என்ற எண்ணம் எழாமல் இருக்காது. இந்த வகைச் சிறு கண்டுபிடிப்புகளுக்காகவே மூல ஏட்டின் படத்தைப் பார்க்க வேண்டும். பிறர் தட்டச்சு செய்து தந்த பட்டியல் வழிகாட்டுமே தவிர, சான்றாகாது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1837 ஜூலை 1இலும், ஸ்காட்லாந்தில் 1855 ஜனவரி 1இலும் தொடங்கியது. இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் படிப்பதே ஒரு சுவை. பிறந்த நேரத்தைக் கொண்டு ஜாதகம் கணிக்கும் வழக்கமுள்ள தமிழ் வாசகருக்கு, இங்கிலாந்துச் சான்றிதழில் பிறந்த நேரம் பொதுவாக இரட்டைக் குழந்தைகளுக்கே எழுதப்பட்டது என்பது வியப்பளிக்கும். ஆகவே நேரம் குறிக்கப்பட்ட சான்றிதழ் கிடைத்தால், உடன்பிறந்த மற்றொரு குழந்தையை உடனே தேட வேண்டும். ஸ்காட்லாந்தில் நேரம் எல்லோருக்கும் எழுதப்பட்டது. அங்கே மணமக்களின் தாய்மார் பெயர்களும் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரோடு திருமணப் பதிவில் இடம்பெற்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலுமோ தந்தையின் பெயரும் தொழிலுமே கேட்கப்பட்டன, தாயின் பெயர் 2021 மே மாதத்தில்தான் சேர்க்கப்பட்டது. திருமணத்தோடு குடும்பப்பெயரும் மாறிவிட்ட ஒரு பெண்ணை அவளுடைய தாய்வீடு வரை பின்தொடர்ந்து சென்று அடையாளம் காண்பதே இத்துறையின் மிகக் கடினமான வேலை, மிக உயர்ந்த வேலையும் அதுவே.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளை ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக வைத்துப் படிக்க வேண்டும். நாடு முழுவதும் தனிமனிதரின் பெயர்களைக் கொண்டு இன்று கிடைக்கும் முதல் கணக்கெடுப்பு 1841 ஜூன் 6ஆம் நாளுக்குரியது. அதில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதும்படி கணக்கெடுப்பாளர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஒருவருக்கு 1841இல் 35 வயது என்றும், 1851 மார்ச்சில் 48 வயது என்றும் இருந்தால், பத்தாண்டுகளில் பதின்மூன்று வயது ஏறிவிட்டதே எனத் திகைக்க வேண்டியதில்லை. முதல் கணக்கின்போது அவருக்கு 38 அல்லது 39 வயது என்று கொண்டால் இரண்டும் பொருந்திவிடும். எந்தப் பதிவையும், யார், எப்போது, எந்தக் கேள்விக்குச் சொன்ன விடை என்று கேட்டுப் படிப்பவருக்கு முரண்பாடுகளும் செய்தியாகின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1911இல் குடும்பத் தலைவர்கள் தம் கையால் நிரப்பிய தாள்களே இன்றும் இருக்கின்றன. மணமான பெண்ணுக்கு உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இருப்பவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை என்ற கேள்விகள் அதில் உண்டு. பிறந்தது ஒன்பது, இருப்பது நான்கு என மையில் எழுதப்பட்ட எண்களை விரைந்து கடந்துபோக யாராலும் முடியாது.

கொடிவழிப் படம் பிழையாவது பெரும்பாலும் அவசரத்தால். ஒரே ஊரில் ஒரே பெயரும் ஏறத்தாழ ஒரே வயதும் கொண்ட இருவர் வாழ்ந்திருக்கலாம். பிறப்பைக் கண்டவுடன் மகிழ்ந்துவிடாமல், அதே குழந்தை சிறுவயதில் அடக்கம் செய்யப்படவில்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இறந்த குழந்தையின் பெயரையே அடுத்துப் பிறந்த குழந்தைக்கு இடும் வழக்கமும் பரவலாக இருந்தது. 1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25இல் தொடங்கியதால், பழைய ஏட்டில் 1723 பிப்ரவரி என்று இருப்பது இன்றைய கணக்கில் 1724 பிப்ரவரி ஆகும். அத்தேதியை 1723/4 என இரண்டு ஆண்டுகளையும் காட்டி எழுதுவது ஆய்வாளர் மரபு.

உறவுச்சொற்களில் தமிழ் வாசகருக்குக் கூடுதல் விழிப்பு வேண்டும். அண்ணனா தம்பியா, சித்தப்பாவா மாமாவா என்பதை ஆங்கிலப் பதிவு சொல்லாது. ‘சன்-இன்-லா’ என்ற சொல் பழைய ஏடுகளில் மருமகனை மட்டுமல்லாமல், மனைவியின் முந்தைய மணத்தில் பிறந்த மகனையும் குறித்தது. ஆனால் ஸ்காட்லாந்தின் பெயரிடும் முறை நமக்கு நெருக்கமானது. மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரையும் இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டனின் பெயரையும் இடும் வழக்கம் அங்கே பல குடும்பங்களில் இருந்தது. பாட்டனின் பெயரைத் தாங்குபவனைப் பெயரன் என்றழைத்த மொழிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனினும் இது வழக்கமேயன்றி விதியன்று. தேடும் திசையைக் காட்டும், சான்றின் இடத்தை நிரப்பாது.

சில இடைவெளிகள் நிரம்பவே போவதில்லை. இங்கிலாந்து, வேல்ஸின் 1931 கணக்கெடுப்பு ஏடுகள் 1942இல் தீயில் அழிந்தன. 1941இல் போரின் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அயர்லாந்தின் பழைய ஆவணங்களில் பெரும்பகுதி 1922இல் டப்ளினில் எரிந்துபோயிற்று. ஒவ்வொரு பெயருக்கும் தேதிக்கும் கீழே சான்றின் இடத்தைக் குறித்து, ஊகத்தைப் புள்ளிக்கோட்டால் காட்டி, தெரியாத கட்டத்தை வெற்றாக விட்டிருக்கும் படமே மதிப்புக்குரியது. ஆயிரம் பெயர்கள் நிறைந்தும் சான்றில்லாத படத்தைவிட, சான்றோடு நாற்பது பெயர்கள் கொண்ட படம் மேலானது.

இத்தேடலின் ஒரு கிளை சென்னையிலும் இருக்கிறது. புனித ஜார்ஜ் கோட்டையின் தூய மரியாள் தேவாலயம் 1680இல் திறக்கப்பட்டது. அதன் ஏட்டில் பதிவான முதல் திருமணம் அதே ஆண்டு நவம்பரில் நடந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி எலைஹு யேலின் திருமணம். 1753இல் கம்பெனிப் படைத்தலைவர் ராபர்ட் கிளைவின் திருமணமும் அங்கேயே நடந்தது. சென்னை மாகாணத் தேவாலயங்களிலிருந்து லண்டனுக்கு அனுப்பப்பட்ட பதிவு நகல்கள், 1698 தொடங்கி, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.