நோ ரூட் டு ஹோஸ்ட்

‘‘மாமா, ரூட்டே இல்லையாம்’’ என்றான் அக்கா பையன் போனில். 2012-ல். பஸ் ஸ்ட்ரைக் ஏதாவதோ என்று நினைத்துவிட்டேன்.

அவன் அப்போது ஒரு பாலிடெக்னிக்கில் லேப் அசிஸ்டென்ட். (எந்த ஊர், எந்தக் காலேஜ் என்பதெல்லாம் வேண்டாம், பாவம்.) லேபில் முப்பது லினக்ஸ் கம்ப்யூட்டர்கள், மூலையில் ஒரு சர்வர். மாணவர்களின் புரோகிராம்கள் எல்லாம் சர்வரில்தான் இருக்கும். எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் அவரவர் ஃபோல்டர் அங்கிருந்து வந்துவிடும். சர்வரின் ஹார்ட் டிஸ்க் மண்டையைப் போட்டதால், புதுசு வாங்கி மாட்டி, சென்ட்ஓஎஸ் 6 ஏற்றியிருக்கிறான். அதற்கப்புறம் ஒரு மெஷினிலும் ஃபோல்டர் வரவில்லை. திரையில் ஒரே ஒரு வரி: ‘நோ ரூட் டு ஹோஸ்ட்’. நீ தேடுகிற கம்ப்யூட்டருக்குப் போக வழியே இல்லை என்று அர்த்தம்.

வழி இல்லை என்று கம்ப்யூட்டரே சொன்னால் என்ன செய்வார்கள்? சர்வீஸ் இன்ஜினீயர் வந்தார். கேபிளை வெட்டி மறுபடி கிரிம்ப் பண்ணினார். ஸ்விட்சை மாற்றினார. கடைசியில், சர்வரில் இருக்கும் நெட்வொர்க் கார்டு ‘போயிடுச்சு’ என்று தீர்ப்புச் சொல்லி, புதுக் கார்டு ஒன்றைச் செருகி, பில்லையும் கொடுத்துவிட்டுப் போனார். புதுக் கார்டிலும் அதே வரி. துறைத்தலைவர் பில்லைப் பார்த்தார். டிஸ்க் மாற்றும்போது கார்டை இடித்துக் கெடுத்ததற்கு விளக்கம் கேட்டுப் பையனுக்கு மெமோ. இரண்டு நாளில் பிராக்டிகல் பரீட்சை.

‘‘பிங் பண்ணிப் பார்த்தியாடா?’’

‘‘பண்ணேன் மாமா. ஜோரா போவுது, ஜோரா திரும்பியும் வருது.’’

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் இல்லை, அந்த வாக்கியத்தின் மேல். போகிறது, வருகிறது, ஆனால் வழி இல்லை!

நாம் கவிதையை வரி வரியாகப் பிய்த்து விமர்சனம் எழுதுகிறோம். சினிமா வசனத்துக்கு மார்க் போடுகிறோம். கம்ப்யூட்டர் எழுதும் வாக்கியங்களை மட்டும் யாரும் உரைநடையாக மதித்துப் படிப்பதில்லை. தினம் லட்சக்கணக்கான பேர், அதுவும் மிகுந்த மன உளைச்சலோடு, படிக்கிற உரைநடை அது. எனவே இந்த வாரம் லினக்ஸின் நெட்வொர்க் வாக்கியங்களுக்கு விமர்சனம். லினக்ஸ் ரசிகர்கள் கோபிக்க வேண்டாம். நானும் ரசிகன்தான்.

முதலில் மெமோ வாங்கிக்கொடுத்த வாக்கியம். லினக்ஸில் தவறுகளுக்கு நம்பர் உண்டு. இதன் நம்பர் 113. உள்ளே இருக்கும் கெர்னல் நம்பரை மட்டும்தான் தரும். அதை வாக்கியமாக்கிச் சொல்வது வெளியே இருக்கும் சி லைப்ரரி. ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, 113 வந்தால் இன்ன வாக்கியம் என்று எடுத்துக் கொடுத்துவிடும். வாக்கியம் 1980-களின் பெர்க்லி யுனிக்ஸ் காலத்து ஆஸ்தி.

லேபில் நடந்தது என்ன? லேப் மெஷின் சர்வரின் கதவைத் தட்டியது. தட்டிய சத்தம் போய்ச் சேர்ந்தது. சென்ட்ஓஎஸ் 6 ஏற்றும்போது கூடவே ஒரு ஃபயர்வாலும் தானாக உட்கார்ந்துகொள்ளும். பிங் வந்தால் உள்ளே விடும், எஸ்எஸ்எச் வந்தால் விடும், மற்றவர்களுக்குக் கிடையாது. மறுப்பதோடு நிற்காமல், மரியாதையாக ஒரு சீட்டும் எழுதி அனுப்பும். ஐசிஎம்பி வகை 3, கோடு 10. தமிழில் சொன்னால், ‘நிர்வாக உத்தரவுப்படி இங்கே அனுமதி இல்லை.’ இதைவிடத் தெளிவாக யாரும் எழுத முடியாது.

சீட்டு லேப் மெஷினுக்குப் பத்திரமாக வந்தது. அங்கே கெர்னலுக்குள் ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது, எந்தக் கோடு வந்தால் எந்த நம்பர் என்று. கோடு 1, நிஜமாகவே அந்த கம்ப்யூட்டரை எட்ட முடியவில்லை: 113. கோடு 10, அனுமதி இல்லை: 113. கோடு 13, வழியில் ஒருவர் வடிகட்டிவிட்டார்: அதுவும் 113. மூன்று வேறு வேறு சேதிகள் ஒரே நம்பராகி, அந்த ஒரு நம்பர் ஒரே வாக்கியமாகி வெளியே வருகிறது. பெரிய மனிதர் வீட்டு வாட்ச்மேன் ‘ஐயா பார்க்க மாட்டார்’ என்று சொல்லி அனுப்பிய ஆள், ஊருக்குத் திரும்பி, ‘அப்படி ஒரு தெருவே இல்லீங்க’ என்று சொல்கிற மாதிரி. அந்த மறுப்புச் சீட்டே வழி இருந்ததால்தான் வந்து சேர்ந்தது!

இதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள். நம்பரை மாற்றினால் அதை நம்பி எழுதப்பட்ட பழைய புரோகிராம்கள் எல்லாம் குழம்பிப் போகும். ஒப்புக்கொள்கிறேன், நம்பரில் கை வைக்க வேண்டாம். வாக்கியம் மனிதனுக்காக எழுதப்பட்டதுதானே? ‘வழி இல்லை, அல்லது அனுமதி இல்லை’ என்று கூட இரண்டு வார்த்தை போட்டிருந்தால், ஒரு கார்டும் ஒரு மெமோவும் மிச்சம்.

நெட்வொர்க் பகுதியில் இன்னும் வேடிக்கை இருக்கிறது. ஒரு கார்டுக்கு ஏற்கெனவே கொடுத்த ஐபி விலாசத்தையே மறுபடி கொடுத்துப் பாருங்கள். ‘ஆர்டிநெட்லிங்க் ஆன்சர்ஸ்: ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்’ என்று பல வருஷங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஃபைல் இருக்கிறதாம். எந்த ஃபைல்? விலாசம் கொடுத்ததில் ஃபைல் எங்கே வந்தது? இல்லாத ஒரு ரூட்டை அழிக்கப் போனால், ‘நோ சச் பிராசஸ்’. யார் பிராசஸ் கேட்டார்கள்? காரணம் சரித்திரத்தில் இருக்கிறது. 1970-களின் யுனிக்ஸில் உலகம் என்பதே ஃபைலும் பிராசஸும்தான். ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று சொல்ல 17, ‘அப்படி எதுவும் இல்லை’ என்று சொல்ல 3. நெட்வொர்க்காரர்கள் பின்னால் குடிவந்து பழைய வீட்டுப் பாத்திரங்களையே எடுத்துப் புழங்க ஆரம்பித்தார்கள். பாத்திரத்தில் முன்னவர் பெயர் வெட்டியிருந்தது. யாரும் ராவவில்லை.

இதன் உச்சம் வைஃபை கார்டில். ‘இஃப்கான்ஃபிக்’ கொடுத்து கார்டை எழுப்பினால், ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்று வரும். மேலே சொன்ன வேடிக்கைகளைப் பார்த்துப் பழகியவர், இதிலும் ஃபைல் என்பது சும்மா பேச்சுக்கு என்று ஒதுக்கிவிடுவார். இந்தத் தடவை மட்டும் நிஜமாகவே ஒரு ஃபைலைக் காணோம்! கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் டிஸ்கில் இல்லை. எந்த ஃபைல் என்று பெயர் சொல்லியிருந்தால் அஞ்சு நிமிஷ வேலை. பெயரைக் கெர்னல் தன் டைரியில் எழுதி வைத்திருக்கும், டிமெஸ்ஜி என்று தட்டினால் காட்டும். கேட்ட இடத்தில் சொல்லாது. சில அரசு அலுவலகங்களில் பதில் நோட்டீஸ் போர்டில் இருக்கும், கவுன்டரில் கிடைக்காது. அந்த மாதிரி.

‘டெம்ப்ரரி ஃபெய்லியர் இன் நேம் ரெசல்யூஷன்’ என்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பெயரை விலாசமாக மாற்றித் தரும் டிஎன்எஸ் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அந்த ‘டெம்ப்ரரி’ நாலு நாள் நீடித்தும் பார்த்திருக்கிறேன்.

நல்ல வாக்கியமே இல்லையா? உண்டு. ‘நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள்’, நம்பர் 101. பெரும்பாலும் உங்கள் மெஷினின் ரூட் பட்டியலிலேயே அந்த ஊருக்கு வழி எழுதவில்லை என்று பொருள். கேபிளைத் தொட வேண்டாம், கேட்வே கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பிங் சொல்லும் ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ பாதி நல்ல வாக்கியம். இதைப் படிப்பவர்கள் வால் பகுதியை மட்டும் படிக்கிறார்கள். உயிர் தலையில் இருக்கிறது. ‘ஃப்ரம் 192.168.1.10’ என்று ஆரம்பிக்கும், அது யார் விலாசம் என்று பாருங்கள். பல தடவை உங்கள் மெஷினுடைய விலாசமாகவே இருக்கும்! பக்கத்தில் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், யாரும் ‘ஓய்’ என்று குரல் கொடுக்கவில்லை என்று உங்கள் மெஷினே உங்களிடம் புலம்புகிறது. அப்படியானால் கேபிள், ஸ்விட்ச், அந்தப் பக்கத்து மெஷின் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்ப்பதில் அர்த்தம் உண்டு. விலாசம் ரௌட்டருடையதாக இருந்தால் உங்கள் கார்டும் கேபிளும் உத்தமர்கள். பேசுவது யார் என்று தெரியாமல் வசனத்தை எப்படி விமர்சிப்பது?

பிங் எழுதியவர் மைக் மூஸ். அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில், மேரிலாண்டின் அபர்டீனில் வேலை பார்த்தவர். 1983 டிசம்பரில் நெட்வொர்க் ஏதோ கோளாறு செய்யவே, ஒரே ராத்திரியில் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலில் சோனார் எழுப்பும் சத்தம்தான் பெயர்க் காரணம். 2000-ல் கார் விபத்தில் இறந்துபோனார். தான் கேட்டதிலேயே சிறந்த பிங் கதை என்று அவர் சொன்னது இது. ஒரு நெட்வொர்க் நிர்வாகிக்கு எங்கோ ஒரு இணைப்பு விட்டு விட்டு வேலை செய்தது. பிங்கின் பதிலைப் பேசும் புரோகிராம் ஒன்றோடு சேர்த்தார். ஒவ்வொரு பதில் வரும்போதும் கம்ப்யூட்டர் ‘பிங்’ என்று கத்தும். வால்யூமை ஏற்றி வைத்துவிட்டு, கட்டடம் முழுக்க நடந்து ஒவ்வொரு கனெக்டராக ஆட்டிப் பார்த்தார். எதை ஆட்டியபோது கத்தல் நின்றதோ, அதுதான் திருடன். என்னைக் கேட்டால் நெட்வொர்க் சரித்திரத்தின் மிகச் சிறந்த தவறுச் செய்தி இதுதான். ஒரே வார்த்தை, பொய்யே கிடையாது.

உண்மை சொல்லும் வாக்கியமும் தடம் மாற்றும் என்பதற்கு 2008 சாட்சி. லினக்ஸ் 2.6.27 பரிசோதனையில் இருந்தபோது சிலருடைய மெஷின்களில் இன்டெல் நெட்வொர்க் கார்டு செத்துப்போனது. சாவு என்றால் நிஜச் சாவு, ரீபூட் பண்ணினாலும் எழுந்திருக்காது. கார்டின் விலாசமும் செட்டிங்குகளும் இருக்கும் குட்டி மெமரியே அலங்கோலமாகியிருந்தது. அதன் டிரைவர் இ-1000-இ, ‘என்விஎம் செக்சம் சரியில்லை’ என்று சொன்னது. சத்தியமான வாக்கியம். எல்லோரும் வாக்கியத்தில் பெயர் போட்டிருந்த டிரைவர் மேலேயே பாய்ந்தார்கள். அக்டோபரில் குற்றவாளி அகப்பட்டான், அவனுக்கும் நெட்வொர்க்குக்கும் சம்பந்தமே இல்லை! எஃப்-டிரேஸ் என்று கெர்னலின் நடமாட்டத்தைக் கவனிக்கிற ஒரு கருவி. ஓடுகிற கோடை மெமரியிலேயே திருத்தி எழுதும். முன்பு கோடு இருந்து காலியான இடத்தின் விலாசம் அதன் டைரியில் அப்படியே இருந்திருக்கிறது. அந்த இடத்துக்கு இப்போது கார்டின் குட்டி மெமரி குடிவந்துவிட்டது தெரியாமல், போய்ப் பேனாவை வைத்துவிட்டது. கூச்சல் போட்டவன் பிணத்தைப் பார்த்தவன், கொலை பண்ணியவன் இல்லை. பையனின் துறைத்தலைவர் அங்கே இருந்திருந்தால் டிரைவர் எழுதியவருக்கு மெமோ போயிருக்கும்.

திருந்தவே இல்லையா என்றால், திருந்தியிருக்கிறது. 2017-ல் வந்த 4.12 கெர்னலில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். கார்டு, விலாசம், ரூட் சம்பந்தமான கட்டளைகள் தோற்றால் நம்பரோடு கூட ஒரு வாக்கியத்தையும் கெர்னலே அனுப்பலாம். புதிய கெர்னல்களில் பழைய ‘ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்’ இடத்தில் ‘விலாசம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று’ என்று வருகிறது. படித்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. நம்ம 113 மட்டும் அப்படியே இருக்கிறது.

பையன் கதைக்கு வருவோம். போனிலேயே சொன்னேன். ‘‘சர்வர்ல டீசிபிடம்ப் ஓட விடு. லேப் மெஷின்லேர்ந்து ஃபோல்டரை மவுன்ட் பண்ணு. சர்வர் என்ன பதில் அனுப்புதுன்னு படி.’’

அரை நிமிஷம் சத்தம் இல்லை.

‘‘மாமா, அட்மின் ப்ரொஹிபிடட்னு அனுப்புது. நான் எப்ப ப்ரொஹிபிட் பண்ணேன்?’’

ஃபயர்வாலில் 2049-ம் போர்ட்டைத் திறந்ததும் முப்பது மெஷினிலும் ஃபோல்டர்கள் வந்தன. பரீட்சை நடந்தது. மெமோவுக்குப் பதில் மட்டும் பாக்கி. இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினோம், டீசிபிடம்ப் காட்டிய வரியோடு. துறைத்தலைவர் பொறுமையாகப் படித்துவிட்டு, ‘‘எல்லாம் சரிப்பா, ஆனா ஸ்க்ரீன்ல ரூட் இல்லேன்னுதானே போட்டிருந்தது?’’ என்றாராம்.

பழைய கார்டை மூன்றாவது வரிசையில் ஒரு மெஷினில் போட்டுப் பார்த்திருக்கிறான். ஜோராக ஓடியதாம்.