கல்வெட்டு தந்த காதல்கள்

சென்னைப் புத்தகக் காட்சியில் வெகுஜன நாவல்கள் விற்கும் அரங்குகளில் இரண்டு அடுக்குகள் தனித்தனியே நிற்கின்றன. ஒன்றில் வாளும் யானையும் அட்டையில் போட்ட சரித்திர நாவல்கள். மற்றதில் குடும்ப நாவல்கள். கல்கியையும் சாண்டில்யனையும் வாராவாரம் காத்திருந்து படித்தவர்களுக்கு இந்தப் பிரிவினை தெரியாது. காதலும் போரும் அவர்களுக்கு ஒரே தொடரில் வந்தன. இன்று சரித்திரம் எழுதுவோர் காதலைச் சற்றுக் கூச்சத்தோடு ஒதுக்குகிறார்கள். காதல் எழுதுவோருக்கோ காலம் என்ற ஒன்றே தேவைப்படுவதில்லை. இதில் இரு தரப்புக்கும் நஷ்டம் என்பது என் கட்சி.

கல்கியிடமிருந்தே தொடங்கலாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, ராஜராஜனின் அக்கா குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்கிறது. அந்த ஒற்றை உறவிலிருந்துதான் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வ’னின் நாயகன் எழுந்து நடந்தான். உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக ரவிதாசன் முதலியோரின் பெயர்களைச் சொல்கிறது. அவர்களுடைய சுற்றத்தாரின் நிலம் பறிமுதலானதையும் சொல்கிறது. கொலைக்கு என்ன காரணம் என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் கல்கி நந்தினியை நிறுத்தினார். அவள் முழுக்கக் கற்பனை. ஆனால் அவளை எடுத்துவிட்டால் கதையில் அந்தக் கொலைக்கு உயிரில்லை.

இதையே நான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்: காதலை நீக்கினால் சரித்திரம் சரிகிறதா, அல்லது பக்கங்கள் மட்டும் குறைகின்றனவா? சாண்டில்யனின் ‘கடல் புறா’ இந்தச் சோதனையில் பாதிதான் தேறும். கருணாகரத் தொண்டைமானின் கடற்போர் அத்தியாயங்கள் இன்றும் விறுவிறுப்புக் குறையாதவை. காஞ்சனாதேவி, மஞ்சளழகி வரும் இடங்களில் வர்ணனை நீண்டுகொண்டே போகிறது, கப்பல் நங்கூரமிட்டுவிடுகிறது. அவருக்குப் பின் வந்த பலர் அந்தக் கப்பலை விட்டுவிட்டு வர்ணனையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த மரபு சலித்த இடத்தில்தான் வேறொரு வரிசை பிறந்தது. பிரபஞ்சன், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்டு ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ எழுதினார். இரண்டாவதற்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ (2008) ஆயிரம் பக்கங்களுக்கு மேல் மதுரையின் காவலையும் களவையும் பேசியது. பூமணியின் ‘அஞ்ஞாடி’ கரிசல் மண்ணின் சம்சாரிகளையும் கழுகுமலை, சிவகாசிக் கலவரங்களையும் எழுதியது. அரண்மனையிலிருந்து தெருவுக்கு நாவலை இறக்கியது இவர்களின் பெரிய சாதனை. ஆனால் இவற்றை முன்மாதிரியாகக் கொண்டு இப்போது வரும் சில நாவல்களில் தகவல் நெரிசலாக இருக்கிறது. ஓர் ஆணும் பெண்ணும் அந்தக் காலத்தில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்ற யோசனையே இல்லை. இன்னொரு பக்கம், மன்னனைத் தம் சாதிக்குப் பட்டா போட்டுக்கொள்வதற்கென்றே எழுதப்படும் நாவல்கள். அவற்றில் வரும் பெண்ணுக்கு ஆரத்தி எடுப்பதைத் தவிர வேலையில்லை.

இடையில் பாலகுமாரன் ஒரு பாலம் போட முயன்றார். ஆறு பாகங்கள் கொண்ட ‘உடையார்’ ராஜராஜனுக்கும் பஞ்சவன்மாதேவிக்கும் உள்ள நெருக்கத்தைப் பெரிய கோயில் கட்டும் கதையோடு பின்னியது. சிற்றன்னையான அவருக்கு ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் எழுப்பிய பள்ளிப்படைக் கோயில் பழையாறைப் பக்கம் இன்றும் இருக்கிறது. உபதேசம் சில இடங்களில் மிகுந்துவிட்டாலும், காதல் அங்கே அலங்காரமாக இல்லை.

இனிக் குடும்ப நாவல். ரமணிசந்திரனின் நாவல்களை இலக்கிய விமர்சகர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. வாசகிகள் அதைப் பொருட்படுத்தவும் இல்லை. கோபக்கார நாயகன், தன்மானம் விடாத நாயகி, ஒரு தவறான புரிதல், இறுதியில் சமரசம் என்ற அச்சு தெரிந்ததுதான். சொல்லடக்கம் அவருடைய பலம். பிரதிலிபி போன்ற செயலிகளில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகிறவர்களில் பலர் அச்சை மட்டும் வாங்கிக்கொண்டு அடக்கத்தை விட்டுவிட்டார்கள். அதைவிடப் பெரிய குறை, கதை எந்த ஆண்டில், எந்த ஊரில் நடக்கிறது என்றே தெரியாதது. சம்பளம், வாடகை, சாதி எதுவும் குறுக்கே வராத காதலில் வாசகருக்கு என்ன கவலை இருக்க முடியும்?

இரு தரப்புக்கும் பொருள் தரக்கூடிய கல்வெட்டு ஒன்று திருவாரூரில் இருக்கிறது. ராஜேந்திரனும் அவனுடைய அணுக்கியார், அதாவது நெருக்கத்துக்குரியவரான, பரவை நங்கையும் கோயிலில் சேர்ந்து நின்ற இடத்தை அடையாளம் காட்டக் குத்துவிளக்கு வைத்த செய்தி அதில் வருகிறது. அவள் பட்டத்தரசி அல்ல. அப்படியிருந்தும் பேரரசன் அவளோடு நின்ற இடத்தை ஊரறியக் கல்லில் வெட்டினார்கள். அரசிகள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள், திருவாரூர் என்ன பேசியது என்பதெல்லாம் நாவலாசிரியரின் பாடு. இப்படிப்பட்ட சான்றிலிருந்து தொடங்கும் காதலுக்குப் போர்க்களம்கூடத் தேவையில்லை.

பதிப்பாளர்களிடம் ஒரு கோரிக்கை உண்டு. ‘பொன்னியின் செல்வன்’ 2022இலும் 2023இலும் திரைக்கு வந்த பிறகு, நந்தினி எந்த ஊர்க்காரி என்று கேட்பவர்களை நான் பார்க்கிறேன். எது கல்லில் உள்ளது, எது கற்பனை என்று நாவலின் கடைசியில் இரண்டு பக்கம் அச்சிடுங்கள். கற்பனை அதனால் குறைந்துவிடாது. எவ்வளவு சிறிய விதையிலிருந்து எழுதியிருக்கிறார் என்று ஆசிரியர் மீது மதிப்புதான் கூடும். அப்படி இரண்டு பக்கம் எழுத முடியாத நாவலை எந்த அடுக்கில் வைப்பது என்று வாசகரே முடிவு செய்துகொள்வார்.