பிரபுவின் தோட்டத்தில் பிள்ளைகள்

இங்கிலாந்தின் நாட்டுப்புறச் சாலைகளில் பழுப்பு நிற வழிகாட்டிப் பலகைகள் நிறைய உண்டு. பழைய மாளிகை, இடிந்த கோட்டை, தோட்டம், விலங்குப் பூங்கா, நீராவி ரயில் என்று எதற்கு வழி சொன்னாலும் அந்த நிறத்தில்தான் சொல்லும். சனி ஞாயிறுகளிலும் பள்ளி விடுமுறைகளிலும் அந்தப் பலகைகளைப் பார்த்துக் கார்கள் திரும்பும். பின்னிருக்கையில் பிள்ளைகள், டிக்கியில் சேற்றில் நடக்க ரப்பர் பூட்ஸும் தரையில் விரிக்க ஒரு கம்பளியும். வாசலில் உறுப்பினர் அட்டையைக் காட்டி உள்ளே போவார்கள். பிள்ளைகள் புல்வெளியில் ஓடுவார்கள். மாளிகையை அரைமணி நேரத்தில் சுற்றிவிட்டு, ஒரு காலத்தில் குதிரை லாயமாக இருந்த தேநீர்க் கடையில் ஸ்கோனும் ஜாமும் க்ரீமும் சாப்பிட்டு, நினைவுப்பொருள் கடை வழியாக வெளியே வருவார்கள். நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றுக்கு இது வாழ்க்கைமுறையாகவே ஆகிவிட்டது. இந்த வழக்கத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதன் நடுவில் ஒரு பெரும் குறையும் உண்டு. பிள்ளைகளுக்காகவே வகுக்கப்படும் இந்த நாளில், பிள்ளைகளின் அறிவைத்தான் யாரும் நம்புவதில்லை.

இந்த வழக்கம் எப்படி உருவானது என்று பார்த்தால் அந்தக் குறையின் வேர் தெரியும். இத்தகைய இடங்கள் பலவற்றைக் காத்து நடத்தும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறநிறுவனம் 1895இல் தொடங்கியது. தொடங்கியவர்கள் ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹன்டர், பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லி ஆகிய மூவர். லண்டன் ஏழைகளின் வீட்டுவசதிக்காக வாழ்நாளெல்லாம் உழைத்தவர் ஹில். நெரிசலில் வாழ்பவர்களுக்கு மூச்சுவிடத் திறந்தவெளி வேண்டும் என்பது அவருடைய கவலை. அவர்கள் வாங்கிய முதல் கட்டடம் சஸ்ஸெக்ஸில் ஆல்ஃபிரிஸ்டன் என்ற ஊரில் இருந்த பழைய பாதிரியார் இல்லம், கூரை வேய்ந்த வீடு. 1896இல் அதன் விலை 10 பவுண்டு. பெரிய மாளிகைகள் அன்றைய திட்டத்தில் இல்லை.

அவை வந்து சேர்ந்தது பிறகு. விவசாய நிலத்தின் வருமானம் குறைந்தது, வாரிசு வரி ஏறியது, இரண்டு உலகப் போர்களில் வேலையாட்கள் போனார்கள், சில குடும்பங்களில் வாரிசுகளும் போனார்கள். நூற்றுக்கணக்கான மாளிகைகள் இடிக்கப்பட்டன. 1937இல் வந்த ஒரு சட்டம், மாளிகையை டிரஸ்டிடம் கொடுத்துவிட்டுப் பழைய குடும்பம் அதிலேயே தொடர்ந்து வாழ வழி செய்தது. நார்ஃபோக்கில் உள்ள பிளிக்லிங் மாளிகை 1940இல் அந்தச் சட்டத்தின் வழியாகத்தான் டிரஸ்டிடம் வந்தது. 1949இல் மிகப் பெரிய சொத்துகளுக்கான வாரிசு வரி 80 சதவீதத்தைத் தொட்டது. அதே ஆண்டு லாங்லீட் மாளிகையின் பிரபு கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களை உள்ளே விட்டார். 1966இல் தோட்டத்தில் சிங்கங்களையும் விட்டார். காரில் உட்கார்ந்தபடியே அவற்றைப் பார்க்கலாம். ஆப்பிரிக்காவுக்கு வெளியே அப்படி அமைந்த முதல் பூங்கா அது.

ஆக, இன்றைய குடும்ப உலாவுக்கு இரண்டு மூலங்கள் உண்டு. ஒன்று, மக்களுக்குத் திறந்தவெளி வேண்டும் என்ற எண்ணம். மற்றொன்று, மாளிகையை இடிபடாமல் காக்கப் பணம் வேண்டும் என்ற தேவை. முதலாவது வருகிறவரை மனத்தில் வைத்துத் தொடங்குகிறது, இரண்டாவது வீட்டை வைத்து. இன்று பல இடங்களில் இரண்டாவதுதான் மேலோங்கி நிற்கிறது.

இருந்தும் இந்த வழக்கம் சாதித்ததைக் குறைத்துச் சொல்லக் கூடாது. நூறு ஆண்டுகளுக்கு முன் வேட்டைக் காவலர் விரட்டியிருக்கக்கூடிய இடத்தில் இன்று மூன்று வயதுக் குழந்தை உருண்டு விளையாடுகிறது. டிரஸ்டிடம் இன்று 500க்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. உறுப்பினர்கள் 50 லட்சத்துக்கும் மேல். 2012இல் அது ‘பதினொன்றே முக்கால் வயதுக்குள் செய்ய வேண்டிய 50’ என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. மரம் ஏறுவதும் பெரிய குன்றிலிருந்து உருள்வதும் அதில் உண்டு. வீட்டுக்குள் திரைமுன் அடைந்து கிடக்கும் தலைமுறைக்கு அது நல்ல மருந்து. பத்து வயதுப் பிள்ளை நனைந்து, சேறாகி, களைத்துத் தூங்கிப்போகும் நாளுக்கு ஈடு எதுவும் கிடையாது.

எனக்கு இன்னும் பிடித்தது அறைக்கு அறை உட்கார்ந்திருக்கும் தன்னார்வலர்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், சம்பளம் கிடையாது. துணி வெளுக்காமலிருக்கத் திரைகள் பாதி மூடிய மங்கலான அறையில், யாரும் உட்காரக் கூடாத நாற்காலிகளின் மேல் முள்செடியின் உலர்ந்த பூத்தலையோ பைன் காயோ வைத்திருப்பார்கள். ‘இது ஏன் இங்கே இருக்கிறது?’ என்று ஒரு குழந்தை கேட்டுவிட்டால் போதும், அந்த முதியவர் எழுந்து நின்று பதில் சொல்வார். அடுத்து என்ன கேட்கும் என்று காத்தும் இருப்பார். அந்நியர்களான ஒரு முதியவரும் ஒரு குழந்தையும் ஒரு பொருளை நடுவில் வைத்துப் பேசிக்கொள்ள இன்றைய இங்கிலாந்தில் வேறு எத்தனை இடம் இருக்கிறது?

யார் வர முடிகிறது என்ற கேள்வியும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்டிவிட்டால் நினைத்தபோதெல்லாம் போகலாம், காரும் இலவசமாக நிற்கும். அப்படி மொத்தமாகக் கட்ட முடியாதவர் ஒரே நாளுக்குக் கொடுக்கும் விலைதான் அதிகம். 1963இல் ரயில்வேயின் செலவைக் குறைக்க வந்த பீச்சிங் அறிக்கை 2,000க்கும் மேற்பட்ட ரயில் நிலையங்களை மூடச் சொன்னது. மூடியவற்றில் பெரும்பகுதி கிராமப்புறத்தில். இன்று கார் இல்லாத குடும்பம் எட்ட முடியாத மாளிகைகள் ஏராளம். நகரத்து நெரிசலில் வாழ்பவர்களை நினைத்துத் தொடங்கிய அமைப்புக்கு இது சின்ன விஷயமல்ல. ஞாயிற்றுக்கிழமைப் பேருந்துக்குச் செலவிடும் பணம், தேநீர்க் கடையை விரிவாக்கச் செலவிடும் பணத்தைவிட அந்த நோக்கத்துக்கு நெருக்கமானது என்பேன்.

வந்து சேர்ந்த பிள்ளைக்கு அங்கே என்ன சொல்லப்படுகிறது? பெரும்பாலும் கையில் ஒரு தாளும் பென்சிலும் கிடைக்கும். ஓவியத்தில் உள்ள நாயைக் கண்டுபிடி, ஒளித்துவைத்த எலிகளை எண்ணு, ஈஸ்டர் முட்டைகளைத் தேடு. முடித்தால் ஒரு சாக்லேட். கண்ணைக் கூர்மையாக்கும் பயிற்சி என்ற அளவில் இதில் தவறில்லை. ஆனால் இவ்வளவு பெரிய வீடு எப்படி வந்தது, யார் கட்டினார்கள், பணம் எங்கிருந்து வந்தது என்று எந்தக் குழந்தையும் இயல்பாகக் கேட்கக்கூடியதை அந்தத் தாள் கேட்பதே இல்லை. எலியைத் தேடும் குழந்தைக்கு வீடு பின்னணித் திரையாகிவிடுகிறது.

புல்வெளிக்கும் இது பொருந்தும். இயற்கை என்று எண்ணிப் பிள்ளைகள் ஓடும் பரப்புகள் பல, ‘கேப்பபிலிட்டி’ பிரவுன் போன்ற தோட்ட வடிவமைப்பாளர்கள் 18ஆம் நூற்றாண்டில் மண்ணை வெட்டி, ஓடையைத் தேக்கி, மரங்களைக் குழுக்குழுவாக நட்டு உருவாக்கியவை. டார்செட்டில் மில்டன் ஆபி மாளிகைக்கு அருகே ஒரு சந்தை ஊரே இருந்தது. தன் பார்வையில் படக்கூடாது என்று ஜோசப் டேமர் என்ற பிரபு அதைப் படிப்படியாக இடித்துவிட்டு, மறைவான பள்ளத்தாக்கில் ஒரே மாதிரியான ஓலைக்கூரை வீடுகளை வரிசையாகக் கட்டினார். அந்த வரிசைதான் இன்று அழகான ஆங்கிலக் கிராமம் என்று எல்லோரும் படமெடுத்துப் போகும் மில்டன் அபாஸ். பொதுநிலத்தை வேலியடைத்துத் தனிச்சொத்தாக்க 1604இலிருந்து 1914 வரை நாடாளுமன்றத்தில் 5,000க்கும் மேற்பட்ட மசோதாக்கள் வந்தன. அவற்றால் அடைபட்ட நிலம் சுமார் 68 லட்சம் ஏக்கர். அதில் ஒரு துண்டுக்குத்தான் இன்று கட்டணம் கட்டி உள்ளே போகிறோம்.

தமிழர்கள் குடும்பத்தோடு போகும்போது இந்த மௌனம் இன்னும் நெருங்கித் தொடுகிறது. லண்டனுக்குத் தெற்கே, சர்ரேயில், கிளேர்மான்ட் என்ற தோட்டம். குளமும் புல்மேடையும் உள்ள அழகான இடம், குழந்தைகள் விளையாட ஏற்றது. 1751இல் ஆற்காட்டு முற்றுகையில் பெயரெடுத்த ராபர்ட் கிளைவ் 1769இல் இந்த இடத்தை வாங்கி, இருந்த மாளிகையை இடித்துவிட்டுப் பிரவுனைக் கொண்டு புதிய மாளிகை எழுப்பினார். 1774இல் இறந்தும் போனார். மாளிகை இன்று பள்ளிக்கூடம், தோட்டம் டிரஸ்டிடம். மேற்கே டெவனில், எக்ஸிடருக்கு அருகே ஹால்டன் குன்றின் மேல் மூன்று மூலைகளிலும் கொத்தளம் வைத்த வெள்ளைக் கோபுரம் ஒன்று நிற்கிறது. பாதிரியாராக இந்தியா வந்து, 1763 முதல் 1767 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ராபர்ட் பாக், தன் நண்பர் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸின் நினைவாக 1788இல் அதைக் கட்டினார். ராமேஸ்வரத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே கிடக்கும் கடலுக்குப் பாக் நீரிணை என்ற பெயர் வந்தது இவரிடமிருந்துதான். கீழே காட்டில் சைக்கிள் ஓட்டிவிட்டு வரும் தமிழ்க் குழந்தைக்கு இதைவிடச் சுவையான செய்தி வேறென்ன வேண்டும்?

இத்தகைய தொடர்புகளைச் சொல்ல டிரஸ்ட் முயலாமல் இல்லை. அடிமை வணிகத்தோடும் காலனி ஆட்சியோடும் தொடர்புள்ள 93 இடங்களைப் பற்றி 2020 செப்டம்பரில் ஒரு அறிக்கை வெளியிட்டது. செய்தித்தாள்களிலும் நாடாளுமன்ற உறுப்பினர்களிடையேயும் பெரும் சீற்றம் எழுந்தது. உல்லாசமாகப் போகும் இடத்தில் குற்றவுணர்வைத் திணிக்கிறார்கள் என்றார்கள். அறநிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆணையம் விசாரித்து, நடவடிக்கைக்கு முகாந்திரம் இல்லை என்று 2021இல் முடித்தது. எதிர்த்தவர்களின் வாதத்தில் ஒரு பகுதியை நான் ஏற்கிறேன். வாரமெல்லாம் உழைத்துக் களைத்த பெற்றோர் பாடம் கேட்க வரவில்லை. சுவரெங்கும் அறிவிப்புப் பலகை மாட்டி வரலாற்றைச் சொல்லிவிட முடியாது. ஆனால் உண்மை வந்தால் அன்றைய மகிழ்ச்சி போய்விடும் என்பதை நான் ஏற்கவில்லை. ஏற்க முடியாதபடி செய்தவை அதே டிரஸ்ட் நடத்தும் வேறு இரண்டு இடங்கள்.

செஷையரில் ஸ்டைல் என்ற கிராமத்தில் குவாரி பேங்க் நூற்பாலை. சாமுவேல் கிரெக் 1784இல் தொடங்கியது. அருகே பயிற்சிப் பிள்ளைகள் விடுதி என்று ஒரு வீடு. ஏழையர் விடுதிகளிலிருந்து ஒப்பந்தத்தில் எடுத்து வந்த சிறுவர் சிறுமியரைக் கூட்டமாக அங்கே தங்கவைத்து, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் அளவில் ஆலையில் வேலை வாங்கினார்கள். 1806இல் அவர்களில் இரண்டு பையன்கள் தாயைப் பார்க்க லண்டனுக்கு ஓடிப்போனார்கள். நீதிபதிகள் முன் அவர்கள் சொன்ன வாக்குமூலம் இன்றும் இருக்கிறது. அவர்களில் ஒருவன் இயந்திரத்தில் விரலை இழந்தவன். ஆலைக்கு வந்த பஞ்சு அமெரிக்க அடிமைகள் விளைத்தது, கிரெக் குடும்பத்துக்கு டொமினிக்காவில் கரும்புத் தோட்டமும் இருந்தது. இங்கேயும் தோட்டம் உண்டு, தேநீர்க் கடை உண்டு, ஆற்றங்கரை உண்டு. ஆனால் தறி ஓடும் இரைச்சலில் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தை, தன் வயதுப் பிள்ளை இதே இரைச்சலில் நாள் முழுக்க நின்றது என்பதை எந்தப் பலகையும் இல்லாமல் புரிந்துகொள்கிறது.

நாட்டிங்ஹம்ஷையரில் சவுத்வெல்லில் 1824இல் கட்டிய ஏழையர் விடுதி இன்னும் கடுமையானது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம் என்று உள்ளே வந்த குடும்பத்தைப் பிரித்துவிடுவார்கள். 1834இன் ஏழையர் சட்டத்துக்கு முன்மாதிரியாக இருந்த இடம் அது. பெரிய நாற்காலியோ ஓவியமோ இல்லாத வெறும் அறைகள். அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த முற்றங்களில் நடக்கும் குழந்தைக்கு வறுமையைப் பற்றி வேறெந்த விளக்கமும் தேவைப்படாது.

டர்ஹமில் உள்ள பீமிஷ் திறந்தவெளி அருங்காட்சியகத்தை நான் மாளிகைகளுக்கும் இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் வைப்பேன். டிராம் வண்டி, மிட்டாய்க் கடை, சுரங்கத் தொழிலாளர் வீடுகள் என்று உழைக்கும் மக்களின் பழைய வாழ்வை ஃபிராங்க் அட்கின்சன் அங்கே பொருள் பொருளாகச் சேர்த்தார். பிரபுவின் வீடு காப்பாற்றப்பட வேண்டியது என்றால் கரிவெட்டியின் வீடும் அப்படித்தான் என்று சொன்ன துணிவு அது. குனிந்து சுரங்கத்துக்குள்ளும் போய்வரலாம். ஆனால் மிட்டாய்க் கடையின் வரிசைதான் நீளமானது. சில மைல் தொலைவில் வெஸ்ட் ஸ்டான்லி சுரங்கத்தில் 1909இல் நடந்த வெடிப்பில் 168 பேர் மாண்டார்கள். அந்த நினைவு மிட்டாயின் இனிப்பில் கரைந்துபோவதற்கான ஆபத்து எப்போதும் இருக்கிறது.

பிள்ளைகளை நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சான்றும் உண்டு. லெஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தபோது கொரின் ஃபவுலர் ‘கலோனியல் கன்ட்ரிசைடு’ என்ற திட்டத்தை நடத்தினார். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை டிரஸ்ட் மாளிகைகளுக்கு அழைத்துப்போய், அங்குள்ள பொருட்களின் உலகத் தொடர்புகளைத் தெரிந்துகொண்டு அவர்களையே எழுதவும் பேசவும் வைத்தார்கள். பெரியவர்கள் செய்தித்தாள்களில் சண்டை போட்டுக்கொண்ட அதே விஷயத்தைப் பத்து வயதுப் பிள்ளைகள் ஆர்வத்தோடு கையாண்டார்கள். ஒரு சில பள்ளிகளுக்குக் கிடைத்த அந்த வாய்ப்பைச் சனிக்கிழமைக் கூட்டத்துக்கும் கொண்டுவரப் பெரிய செலவு ஆகாது. எலியைத் தேடச் சொல்லும் தாளிலேயே, இந்த அறையில் கடல் கடந்து வந்த பொருள் எது, அதைச் செய்தவர் யாராக இருக்கும், இந்த அறையை யார் பெருக்கினார்கள் என்று மூன்று கேள்விகளைச் சேர்க்கலாம். பதில் சொல்லும் தன்னார்வலர்களுக்கு அந்த வரலாற்றில் நல்ல பயிற்சி கொடுக்கலாம். கிளேர்மான்ட்டில் ஆற்காடு எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடமும், ஹால்டனில் பாக் நீரிணையின் வரைபடமும், குழந்தையின் கண்மட்டத்துக்கு வைத்தால் இன்னும் நல்லது.