புதரை வழித்த காடு

கிண்டி சிறுவர் பூங்கா 30 கோடி ரூபாய்ச் செலவில் புதுப்பிக்கப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. கூட்டம் வருகிறதே, அதைவிட வேறு சான்று வேண்டுமா என்று இத்தகைய சீரமைப்புகளை ஆதரிப்போர் கேட்கிறார்கள். மரக்காணத்தில் 25 கோடியில் பன்னாட்டுப் பறவைகள் மையம் அமையும் என 2023-24 நிதிநிலை அறிக்கை அறிவித்திருப்பதால், அதற்கு அருகே ஓமந்தூர்ப் பக்கத்தில் இருக்கும் நமக்கும் இந்தக் கேள்வியில் பங்குண்டு.

கூட்டம் வரட்டும். கழிப்பறை, குடிநீர், சக்கர நாற்காலி போகும் பாதை எல்லாம் வேண்டியவைதான்.

ஆனால் காட்டோரப் பூங்கா எதைச் சீரமைத்தாலும் நம்மவர்கள் முதலில் கைவைப்பது புதரில். பெரிய மரங்களை மட்டும் விட்டுவிட்டு ஜேசிபி அவற்றின் அடியில் வளர்ந்ததை வழிக்கிறது. சருகைக் கூட்டிக் கொளுத்துகிறார்கள். அந்த இடத்தில் புல்தரையும் பேவர் பிளாக்கும் வருகின்றன. ஒரு மரத்தைக்கூட வெட்டவில்லை என்று அறிக்கையும் வருகிறது.

சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காட்டில் புதர்தான் காடு. கிண்டியில் எஞ்சியிருப்பதும், நம் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றி நிற்பதும் இந்த வகைதான். வீரை, காசான், உலக்கைப்பாலை எல்லாம் மெல்ல வளர்பவை. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி முளைத்து, சருகு காத்த ஈரத்தில் அடுத்த கோடையைத் தாண்டவேண்டியவை. காரையும் சூரையும் முள்வேலியாக நின்றுதான் ஆட்டின் வாயிலிருந்து கன்றுகளைக் காக்கின்றன. கொண்டைக்குருவி பழம் தின்று விதை போடுவதும் அந்தப் புதரடியில்தான். புதரை எடுத்துவிட்டால் இன்று நிற்கும் மரம் நிற்கும். அதற்குப் பின் வர ஒரு கன்றும் இருக்காது. இந்த இழப்பு திறப்பு விழாவில் தெரியாது, முப்பது வருடம் கழித்துத்தான் தெரியும். அதனால்தான் இதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

பாம்பு வரும் என்பது வழக்கமான பதில். நடைபாதையின் இருபுறமும் நாலடி திருத்தினால் போதும். பாம்புக்குப் பயந்து பத்து ஏக்கரை மொட்டையடிப்பவருக்குக் காட்டுக்குள் பூங்கா எதற்கு? ஊருக்குள் ஒரு திடலைச் சீர்செய்து கொடுக்கலாமே.

பிள்ளைகளுக்கும் இதில் நட்டம். களாப்பழமும் சூரைப்பழமும் பறித்துத் தின்று, முள்ளில் கை கீறிக்கொண்டுதான் இங்கே ஒரு தலைமுறை செடியின் பேர் கற்றது. பலகையில் எழுதிய பெயரும் சிமெண்டில் வார்த்த விலங்கும் அதைக் கற்பிக்கமாட்டா.

வேறு வழி தெரியாதவர்கள் அல்ல நாம். 1973-ல் ஆரோவில்லில் தொடங்கிய பிச்சாண்டிக்குளம் காடு, வெறும் செம்மண் பொட்டலில் இதே மரஞ்செடிகளை வளர்த்துக் காட்டியது. அந்த அனுபவத்தைக் கொண்டுதான் சென்னையில் குப்பைமேடாகக் கிடந்த அடையாறு பூங்கா மீட்கப்பட்டு 2011-ல் திறக்கப்பட்டது. அழிந்ததை மீட்கத் தெரிந்த நம் மாவட்டத்தில் இருப்பதை வழித்தெடுப்பது மன்னிக்கக்கூடியதல்ல.

மரக்காணம் மையத்தின் வரைபடத்தில் கட்டடத்தைக் குறிப்பதற்கு முன் அங்குள்ள ஒவ்வொரு புதரையும் குறிக்கவேண்டும். வனத்துறை அதைச் செய்யவேண்டும். செய்ததா என்று ஊராட்சிகள் கேட்கவேண்டும்.