கதையிற் கண்ட பெர்சியும் ஏட்டிற் கண்ட பெர்சியும்

நன்னூலார் மாணாக்கரை மூவகையாகப் பகுத்தார் என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர். அன்னமும் ஆவும் தலைமாணாக்கர்க்கு உவமை. மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கு. ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடைமாணாக்கர்க்கு. ஒரு செடியிலும் நின்று வயிறு நிறைய மேயாமல், அங்கொரு வாயும் இங்கொரு வாயுமாகக் கடித்தோடும் அந்த ஆட்டை எண்ணும்போது நம் வகுப்பின் பின்வரிசை நினைவுக்கு வாராமற் போகாது. அப்பின்வரிசைச் சிறுவனையே தலைவனாக்கிய ஆங்கிலப் புதினம் ஒன்றை ஈண்டு ஆராய்வோம்.

ரிக் ரையர்டன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 2005இல் வெளியிட்ட 'தி லைட்னிங் தீஃப்' என்பதே அந்நூல். மின்னலைத் திருடியவன் என்பது அதன் பொருள். ரையர்டன் பல்லாண்டுகள் பள்ளியில் ஆங்கிலமும் வரலாறும் கற்பித்தவர். அவர் மகனுக்கு டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடும், கவனம் நிலைகொள்ளாக் குறைபாடும் ஒருங்கே இருந்தன. உறங்கப் போகுமுன் அம்மகனுக்கு வாய்மொழியாகச் சொன்ன கதையே பின்னர் நூலாயிற்று.

கதைத் தலைவன் பெர்சி ஜாக்சனுக்கு வயது 12. அவனுக்கும் அவ்விரு குறைகளும் உண்டு. ஆறாண்டில் ஆறு பள்ளிகளை விட்டு வெளியேற்றப்படுகிறான். பின்னர், தான் கிரேக்கக் கடற்கடவுளின் மகன் என்று அறிகிறான். அவன் மனம் பழங்கிரேக்க மொழிக்கென அமைந்ததாம். ஆதலின் ஆங்கில எழுத்துகள் அவன் கண்முன் மிதக்கின்றனவாம். அவன் ஓரிடத்தில் நில்லாமை போர்க்களத்து வீரனுக்கு வேண்டிய விழிப்பாம். குறையென்று உலகம் இகழ்ந்தவை இரண்டும் கதையில் குலச்சிறப்பாகிவிடுகின்றன.

இந்நூலின் நயம் யாது? சோம்பேறி, முரடன் என்று பெயரெடுத்த பிள்ளை தன் கதையைத் தன் வாயாலேயே சொல்கிறான். அவனைப் பார்த்து நாம் நகைப்பதில்லை. அவனோடு சேர்ந்து நகைக்கிறோம். எழுத்தைக் கண்டு நாணித் தலைகுனிந்த பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். இவ்வகையில் ரையர்டன் செய்த தொண்டை எவரும் மறுத்தற்கில்லை.

எனினும் ஒரு வினா எழுகின்றது. தெய்வத் தந்தை வாய்க்காத பிள்ளை என் செய்வான்? டிஸ்லெக்சியா, பெரும்பாலும், சொல்லின் ஒலிகளைப் பிரித்தறிந்து எழுத்தோடு பொருத்துவதில் ஏற்படும் இடர்ப்பாடு என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். மொழியை மாற்றினால் அது மறைவதில்லை. இத்தாலிய மொழிபோல் ஒலிக்கும் எழுத்துக்கும் நெருங்கிய பொருத்தமுள்ள மொழிகளில் பிழைகள் குறையலாம். ஆயினும் வாசிப்பு மெதுவாகவே செல்லும். நூலிலும் பெர்சி, இரண்டொரு காலைப் பாடத்திற்குப் பின் ஹோமரின் சில வரிகளைத் தட்டுத் தடுமாறித்தான் வாசிக்கிறான். அத்தடுமாற்றத்தில் ரையர்டன் என்ற பழைய ஆசிரியரின் கை தெரிகிறது. ஆனால் அவனுக்கு ஆங்கிலம் வாசிக்கக் கற்பிக்கும் பொறுப்பை அங்கே எவரும் ஏற்கவில்லை. நன்னூலார் ஆடு என்றார். ரையர்டன் தெய்வமகன் என்றார். ஒன்று தாழ்த்துகிறது; மற்றொன்று உயர்த்துகிறது. இரண்டுமே பிள்ளைக்குப் பெயர் சூட்டியதோடு நின்றுவிடுகின்றன.

இனி மற்றொரு பெர்சியைக் காண்போம். இங்கிலாந்தின் சீஃபோர்டு என்னும் ஊரில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் இருந்தார். அவர் 1896இல் பிரிட்டிஷ் மருத்துவ ஏட்டில் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். அவன் பெயரும் பெர்சி; வயது 14; அறிவிற் குறைந்தவன் அல்லன். ஏழு வயது முதல் கற்பித்தும் ஓரசைச் சொற்களையே வருந்தி வாசித்தான். தன் பெயரிலேயே எழுத்தை இடம் மாற்றி 'ப்ரெசி' என எழுதினான், பிழையையும் உணரவில்லை. எண்களையோ எளிதாகப் படித்தான். இயற்கணிதக் கணக்கும் செய்தான். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடக்குமானால் பள்ளியிலேயே சூட்டிகையான பையன் இவனே என்று அவனுடைய ஆசிரியர் கூறியதையும் மார்கன் பதிவு செய்துள்ளார்.

பெயரறியாத அவ்வாசிரியரின் கூற்று, என் கருத்தில், புதினம் முழுமையினும் கனமுடையது. அவர் பிள்ளையை இகழவுமில்லை, புகழவுமில்லை. எந்த வாயில் அடைத்திருக்கிறது, எந்த வாயில் திறந்திருக்கிறது என்று பார்த்துச் சொன்னார். மாணவர் தொகை குறைந்த தோட்டப்புறப் பள்ளிகளில் இரு வகுப்புகளை இணைத்து நடத்துவதுண்டு. அங்கே, கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதும் பிள்ளை எளிதில் தப்பிவிடுவான். எழுதியதை வாசிக்கச் சொன்னாலன்றோ உண்மை வெளிப்படும்! 'கெ' என்பதில் கொம்பு முன்னே நிற்க, அதன் ஒலி பின்னே வருகிறது. 'கொ' என்பதில் குறிகள் இருபுறமும் நிற்கின்றன. லகர, ளகர, ழகரங்களைச் செவி பிரிப்பதற்குள் கண் கலங்குகிறது. இவற்றை அவனுக்குத் தனித்தனியே, படிப்படியாக, ஒலித்துக் காட்டிக் கற்பித்தல் வேண்டும். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டே எழுத்தை உரக்கச் சொன்னார்கள். கண்ணும் செவியும் கையும் கூடிக் கற்கும் அதே நெறியை அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டனும் அன்னா கில்லிங்காமும் இக்குறையுடைய பிள்ளைகளுக்கென முறைப்படுத்தினர்.

புதினத்திலும் நல்லாசிரியர் ஒருவர் இல்லாமலில்லை. லத்தீன் கற்பிக்கும் புரூனர், உரோமானியக் கவசம் அணிந்து, வாள்முனையில் மாணவரைச் சுண்ணக்கட்டியோடு பலகைக்கு ஓடச் செய்வார். பெர்சியின் குறையை அறிந்தும் மற்றவர்க்குரிய தரத்தை அவனிடமும் எதிர்பார்ப்பார். கதையின் உயர்ந்த பகுதி இதுவே. ஆனால் எதிர்பார்ப்பு மட்டும் போதாது. ஏறுதற்குப் படியும் அமைத்துத் தரல் வேண்டும்.

ஆசிரியர்கள் இந்நூலைப் படித்தல் நன்று. அதன் கதையைத் தமிழில் வகுப்பிற் சொல்லுதல் அதனினும் நன்று. எந்தப் பிள்ளைக்காக அது பிறந்ததோ அந்தப் பிள்ளையைச் செவிவழியாகவே அது முதலில் அடைந்தது. கதை முடிந்தபின் அவனை அருகழைத்து, அன்றைக்கு ஓரெழுத்தேனும் கற்பிப்பது நம் கடமை.