இரவல் கால்கள்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் பொங்கலையோ கோயில் திருவிழாவையோ ஒட்டிக் கால்பந்து டோர்னமென்ட் அறிவித்தால், டிரா போடுவதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும்: "கெஸ்ட் எத்தனை பேரை எறக்கலாம்?" இரண்டு பேர் என்பார்கள் சில கமிட்டியார். சிலர் வரம்பே வைப்பதில்லை. அப்படிப்பட்ட இடத்தில், ஊர்ப் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு ஆடும் அணியில் உள்ளூர்க்காரர் நாலு பேர் தேறினால் பெரிது. வெளியூர் ஆட்டக்காரரைக் கெஸ்டாக இரவல் வாங்கும் இந்த வழக்கத்தையே ஒழிக்க வேண்டும் என்போர் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ஆனால் இன்று நடக்கிற விதத்தில் அதை ஆதரிக்கவும் மனம் வரவில்லை.

இரவல் ஆட்டக்காரர் முறையின் பலமும் பலவீனமும் ஒருசேர வெளிப்பட்ட காலம் இரண்டாம் உலகப் போர்க் காலம். 1939 செப்டம்பரில் போர் மூண்டதும் இங்கிலாந்தில் லீக் மூன்று ஆட்டங்களோடு நின்றது. வீரர்களின் ஒப்பந்தங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. வாரம் 8 பவுன் வரை வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு, பிறகு பிராந்திய அளவில் தொடங்கிய போட்டிகளில் ஆட்டத்துக்கு 30 ஷில்லிங் கிடைத்தது. அதையும் ஆடினால்தான் வாங்கலாம். வீரர்கள் பட்டாளத்துக்கும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் சிதறிப் போனார்கள். எந்த ஊரில் பணியோ அந்த ஊர் அணிக்கு, சொந்த கிளப்பின் சம்மதத்தோடு ஆடலாம் என்று விதி தளர்ந்தது.

அதனால் ஆட்டம் பிழைத்தது. இந்த முறைக்கு ஆதரவாக இதைவிடப் பெரிய வாதம் இல்லை. ராணுவ முகாம் பக்கத்திலிருந்த ஆல்டர்ஷாட் என்ற மூன்றாம் டிவிஷன் அணிக்கு கிளிஃப் பிரிட்டன், ஸ்டான் கல்லிஸ், ஜோ மெர்சர் என இங்கிலாந்து தேசிய அணியின் நடுவரிசையே வந்து ஆடியது. மற்ற நாளில் அந்த ஊர் ஜனம் டிக்கெட் வாங்கினாலும் பார்க்க முடியாத ஆட்டம் அது. நட்சத்திர ஆட்டக்காரர் டாமி லாட்டன் 1940 கிறிஸ்துமஸ் அன்று காலையில் எவர்ட்டனுக்கும் மாலையில் டிரான்மியருக்கும் ஆடினார். அதே நாளில் பிரைட்டன் அணி ஐந்தே பேரோடு நார்விச் போய்ச் சேர்ந்து, மிச்ச இடத்தைப் படைவீரர்களையும் எதிரணியின் ரிசர்வ் ஆட்களையும் கொண்டு நிரப்பி, 18-0 என்று தோற்றது. ஆட்டம் நடந்ததே ஒழிய, அதை பிரைட்டன் ஆடியது என்று எப்படிச் சொல்வது?

லாட்டன் போன்றவர்களுக்குப் பெயராவது நின்றது. பாதிக்கப்பட்டவன் நடுத்தர ஆட்டக்காரன். போர் தொடங்கியபோது 23 வயதாயிருந்தவனுக்கு 1946-ல் லீக் திரும்பியபோது 30. நடுவில் அவன் எத்தனை அணிக்கு ஆடினான், எத்தனை கோல் போட்டான் என்பதெல்லாம் லீக் கணக்கில் ஏறவில்லை. கால் தேய்ந்தது மட்டும் அவனுடையது.

நம் நாட்டில் இந்த வழக்கத்துக்குப் போர் தேவைப்படவில்லை. 1930-களிலேயே கல்கத்தா மைதானத்துக்குப் பெங்களூரிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் பெஷாவரிலிருந்தும் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கத்திய கிளப்பான முகமதன் ஸ்போர்ட்டிங் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீக் வென்றதில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. இன்னொரு கல்கத்தா கிளப்பான ஈஸ்ட் பெங்கால் பெங்களூரிலிருந்து லட்சுமிநாராயணனையும் முருகேஷையும் கொண்டுவந்தது. காக்கிநாடாவின் அப்பா ராவ் 1941-ல் அங்கே போனார். அடுத்த ஆண்டே கிளப் முதன்முதலாக லீக் பட்டம் வென்றது. 1949-ல் வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஐவரும் சேர்ந்து ஆடியபோது ரசிகர்கள் அவர்களைப் பஞ்ச பாண்டவர் என்றார்கள். ஐவரில் ஒருவர்கூட வங்காளி இல்லை. உள்ளூர்ப் பிள்ளைகளின் இடத்தை வெளியூரார் பறிக்கிறார்கள் என்ற முணுமுணுப்பு அங்கேயும் எழுந்தது. ஆனாலும் கிளப் மெஸ்ஸில் தங்கவைத்துச் சோறு போட்டுச் சீசன் முழுக்க ஆடவைத்ததால், அவர்கள் பல ஆண்டு ஒரே ஜெர்சியில் நின்றார்கள். வந்தவன் ஊர்க்காரனாக மாற அதனால் காலம் கிடைத்தது.

இதில் கசப்பான ஒன்றும் உண்டு. அமெச்சூர் விதிப்படி ஆட்டத்துக்குச் சம்பளம் கூடாது. எனவே கொடுத்ததெல்லாம் செலவுக் காசு, வேலைக்குச் சிபாரிசு. எழுத்தில் எதுவும் இல்லை. பெங்களூர் கன்டோன்மென்ட் தமிழர்கள் எத்தனையோ பேரின் ஆட்ட வாழ்க்கை பழைய அணிப் பட்டியலில் ஒற்றைப் பெயராகச் சுருங்கிப்போனது இதனால்தான். சாரங்கபாணி ராமனை நினைவில் வைத்திருக்கிறோம் என்றால், 1948 ஜூலை 31-ல் லண்டன் அருகே இல்ஃபோர்டில் பிரான்சுக்கு எதிராக 70-ஆம் நிமிடத்தில் அவர் போட்ட கோல் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் என்பதால்தான். அந்த அணியில் பெரும்பாலானோர் வெறுங்காலோடு ஆடினார்கள். இரண்டு பெனால்டியைத் தவறவிட்டு 2-1 என்று தோற்றோம்.

இப்போது மதுரைப் பக்கத்துக்கு வருகிறேன். காலையில் கண்மாய்க் கரை கிரவுண்டில் கல் பொறுக்கி, சுண்ணாம்புக் கோடு போட்டு, வலை கட்டுபவன் உள்ளூர்ப் பையன். பத்து மணிக்கு வேன் வந்து நிற்கும். இறங்குபவர்கள் ஷூ லேசைக் கட்டத் தொடங்கும்போதே, தான் இன்று வெளியே என்று அவனுக்குத் தெரிந்துவிடும். யாரும் அவனிடம் சொல்வதுகூட இல்லை. எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். அதே பையன் அன்று மாலை, வேனில் வந்த டிஃபெண்டர் பந்து வருமுன் எங்கே போய் நிற்கிறார் என்று கண் கொட்டாமல் பார்ப்பதும் உண்டு. நல்ல கோச் இல்லாத ஊரில் அவனுக்குக் கிடைக்கும் பாடம் அதுதான். ஆகவேதான் கெஸ்ட்டே கூடாது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வேனில் வந்தவருக்கும் ஒரு கதை உண்டு. சனிக்கிழமை ஓர் ஊர், ஞாயிறு வேறு ஊர். பேசிய தொகை கைக்கு வரும், சில நேரம் பாதி வரும். முழங்கால் திரும்பிவிட்டால் அழைத்து வந்த அணி ஐஸ் கட்டி வாங்கிக் கொடுத்துப் பேருந்து ஏற்றிவிடும். ஸ்கேன், ஓய்வு, வேலைக்குப் போகாத நாட்கள் எல்லாம் அவர் வீட்டுச் செலவு. சொந்த அணியிடம் சம்மதம் கேட்காமல் வந்திருந்தால், அங்கேயும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். குண்டு விழுந்துகொண்டிருந்த இங்கிலாந்தில்கூடச் சம்மதம் கேட்டுத்தான் ஆள் எடுத்தார்கள்.

முதல் பரிசுத் தொகையைப் பேனரில் பெரிய எழுத்தில் அடிக்கும் கமிட்டி, அதில் ஒரு பங்கை அடிபட்டவர் வைத்தியத்துக்கு ஒதுக்க முடியும். கெஸ்ட் இரண்டு பேருக்கு மேல் கூடாது, சொந்த அணியின் சம்மதச் சீட்டு வேண்டும், பேசிய தொகை ஆட்டத்துக்கு முன் கமிட்டி கையில் இருக்க வேண்டும். நோட்டீசில் என்ட்ரி ஃபீஸுக்குக் கீழே இதற்கும் இடமிருக்கிறது. வரும் பொங்கல் டோர்னமென்ட்டிலேயே ஏதாவது ஓர் ஊர் இதைத் தொடங்கட்டும்.